ஏர்போர்ட்காரர்களுக்கு ட்ரோன் என்றாலே ஏன் ஆகாது? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் விமானப் பராமரிப்பு வேலையில் இருப்பவன், தமிழ்நாட்டில் ஒரு ஏர்போர்ட்டில் 17 வருடமாக. அக்கா மகன் கல்யாணங்களுக்கு ஹெலிகேம் ஓட்டுகிறான். இரண்டும் ஒரே குடும்பத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம், எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் ரசம் வருவதற்குள் யாராவது ட்ரோன் பேச்சை எடுத்துவிடுவார்கள். கேள்விகளும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அதனால் எழுதி வைத்துவிட்டேன், இனி கேட்பவர்களுக்கு இதை அனுப்பிவிடலாம்.

பதில்கள் என்னுடையவை மட்டும் இல்லை. டவரில் இருக்கும் நண்பர்கள், கூட வேலை பார்ப்பவர்கள், சில பைலட்டுகள், ரன்வேயில் பறவை விரட்டுபவர்கள் என்று பலர் ஷிப்ட் முடிந்த டீ நேரத்தில் சொன்னவை. எல்லாரும் ஒரே கருத்தில் இல்லை. எங்கே பிரிகிறார்கள் என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

"மாமா, ஏர்போர்ட்காரங்க எல்லாருமே ட்ரோனுக்கு எதிரிதானே?"

இல்லைடா. எங்கள் ஆட்களிலேயே லீவு நாளில் ட்ரோன் எடுத்துக்கொண்டு ஏலகிரி போகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் எரிச்சல் வேறு இடத்தில் இருக்கிறது. விமான நிலையத்தைச் சுற்றிப் பறக்கிற ஒவ்வொருவரும் யாரோ ஒருவரிடம் பேசிக்கொண்டேதான் பறக்கிறார்கள். எந்த உயரம், எந்தத் திசை, முன்னால் யார் போகிறார் என்று டவர் சொல்லும், பைலட் அதைத் திருப்பிச் சொல்வார், தப்பாகச் சொன்னால் கன்ட்ரோலர் அங்கேயே திருத்துவார். கீழேயும் இதே கதைதான். ரன்வே ஓரம் புல் வெட்டப் போகிறவர்கூட வாக்கிடாக்கியில் கேட்காமல் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது.

இப்படிப் பேசிப் பேசியே ஓடுகிற இடத்துக்குள், கூப்பிட்டால் பதில் சொல்லாத ஒன்று வந்து நின்றால் எப்படி இருக்கும்? அதுதான் விஷயம். சொல்லிவிட்டுப் பறக்கிற ட்ரோன் எங்களுக்கு ஏணி மாதிரி, டார்ச் லைட் மாதிரி ஒரு சாமான். சொல்லாமல் வருவதுதான் தலைவலி. கீழே வரும் பதில்களில் பாதி இதைத்தான் சுற்றிச் சுற்றி வரும்.

"கொக்கு, பருந்து எல்லாம் மோதுது, விமானம் நல்லாத்தானே இறங்குது? இத்துனூண்டு ட்ரோன் என்ன பண்ணிடும்?"

பறவை மோதிய விமானத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ரத்தமும் இறகுமாக மூக்கில் ஒட்டியிருக்கும், துடைத்துவிட்டுப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்ப்போம். பறவை என்பது பெரும்பாலும் தண்ணீரும் சதையும், மோதினால் சிதறி வழிந்துவிடும். ட்ரோன் அப்படிச் சிதறாது. அதில் மோட்டார் இருக்கிறது, கேமரா இருக்கிறது, செங்கல் துண்டு மாதிரி கெட்டியான பேட்டரி இருக்கிறது. அமெரிக்க விமான ஆணையமான எஃப்ஏஏவுக்காகப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வு, அதே எடைப் பறவையைவிட ட்ரோன் விமானத்தின் உடம்பை அதிகமாகச் சேதப்படுத்தும் என்றது. மறுவருடம் டேட்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான ஃபான்டம் ட்ரோனை மணிக்கு 383 கி.மீ. வேகத்தில் ஒரு சின்ன விமானத்தின் இறக்கை மேல் சுட்டுப் பார்த்தார்கள். முன்விளிம்பைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய் இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார் வரை அடித்துவிட்டது. அந்த வேகம் நிஜத்தில் வராது என்று ட்ரோன் கம்பெனியான டிஜேஐ சண்டைக்கு வந்தது. அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்ஜின் விஷயத்தில் எங்களுக்கு இன்னொரு கவலை. ஒவ்வொரு இன்ஜின் மாடலும் விற்பனைக்கு வருமுன் பறவையை விழுங்கவைத்துச் சோதிக்கப்படுகிறது, எத்தனை கிலோ பறவை என்பதுவரை விதி உண்டு. ட்ரோனை விழுங்கவைத்துப் பார் என்று அப்படி ஒரு கட்டாயச் சோதனை கிடையாது. அதனால் யாராவது "ஒன்றும் ஆகாது" என்று அடித்துச் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

"250 கிராமுக்குக் கீழ இருந்தா பிரச்சினை இல்லதானே? அதை பொம்மைன்னுதானே சொல்றாங்க?"

இந்திய விதியில் 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால், 150 கிலோ வரை மீடியம், அதற்கு மேல் லார்ஜ். நானோவுக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. இதைப் பிடித்துக்கொண்டுதான் "அப்போ எங்க வேணா விடலாம்" என்ற முடிவுக்கு வருகிறார்கள். சான்றிதழ் விலக்கு என்பது வேறு, வான்வெளி விதி என்பது வேறு. சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதற்காக ரயில்வே தண்டவாளத்தில் ஓட்ட முடியுமா?

2025 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் பாலிசேட்ஸ் காட்டுத்தீயை அணைக்கக் கனடாவிலிருந்து வந்திருந்த சூப்பர் ஸ்கூப்பர் விமானத்தின் இறக்கையில் ஒரு ட்ரோன் மோதி ஓட்டை போட்டது. அது அந்த 250 கிராமுக்குக் குறைவான மினி வகைதான். விமானம் பத்திரமாக இறங்கிவிட்டது, ஆனால் ஊர் எரிந்துகொண்டிருந்தபோது தண்ணீர் ஊற்ற வேண்டிய விமானம் சில நாள் பட்டறையில் நின்றது. எங்கள் ஹேங்கரில் அந்தப் படம் ஒரு வாரம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. ஓட்டை கையளவுதான். கையளவு ஓட்டைக்கு எத்தனை மணி நேர வேலை என்பது தகடு மாற்றியவனுக்குத்தான் தெரியும்.

"நிஜமாவே மோதியிருக்கா, இல்ல சும்மா பயமுறுத்துறீங்களா?"

மேலே சொன்னது ஒன்று. 2017 செப்டம்பரில் நியூயார்க் ஸ்டேட்டன் தீவுப் பக்கம் ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரில் ஃபான்டம் ட்ரோன் மோதியது. ஓட்டியவர் சுமார் 4 கி.மீ. தள்ளி நின்றிருந்தார், ட்ரோன் கண்ணுக்கே தெரியாத தூரம், மோதியதுகூட அவருக்குத் தெரியாது. ஹெலிகாப்டருக்குள் சிக்கியிருந்த மோட்டார் துண்டை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த மாதமே கனடாவின் கியூபெக் நகரில் இறங்க வந்துகொண்டிருந்த ஒரு சிறிய பயணிகள் விமானத்தின் இறக்கையில் ஒன்று மோதியது, எட்டுப் பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு மறக்க முடியாதது 2021 ஆகஸ்ட், டொரோன்டோ பக்கத்தில் பட்டன்வில் ஏர்போர்ட். பயிற்சி மாணவரும் ஆசிரியரும் செஸ்னாவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். முன்பக்கம் ஏதோ இடித்தது, பறவை என்று நினைத்துக்கொண்டு இறங்கிப் பார்த்தால் இன்ஜின் மூடியான கவுலிங் நசுங்கியிருக்கிறது, புரொப்பெல்லரிலும் அடி. மோதியது போலீஸ் ட்ரோன். அதாவது விவரம் தெரியாத விடலைப் பையன்தான் இதைச் செய்வான் என்று நினைக்க வேண்டாம்.

அதே நேரம் இதையும் சொல்ல வேண்டும். "ட்ரோன் பார்த்தேன்" என்று வருகிற ரிப்போர்ட் எல்லாமே ட்ரோன் கிடையாது. பிளாஸ்டிக் கவர், பலூன், பருந்து, ஒரு தடவை வெள்ளிக் கிரகம்கூட. கன்ட்ரோலர் நண்பர் ஒருவர் இதை என்னிடம் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார், உடனே சீரியஸாகி, "ஆனா எது பலூன்னு அந்த நிமிஷம் எனக்கு யாரு சொல்லுவா?" என்பார்.

"பைலட் பார்த்துட்டு ஒதுங்கிக்க மாட்டாரா? முன்னாடி பெரிய கண்ணாடி இருக்கே?"

கணக்குப் போடுவோம். இறங்க வருகிற ஏர்பஸ் ஏறக்குறைய மணிக்கு 260 கி.மீ., அதாவது வினாடிக்கு 70 மீட்டருக்கு மேல். ட்ரோன் ஓர் அடி அகலம், சாம்பல் நிறம், பின்னால் ஊர் முழுக்கச் சாம்பல் நிற மொட்டைமாடிகள். 200 மீட்டரில் கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம், அதற்குப் பிறகு மூன்று வினாடிகூட இல்லை. அந்த மூன்று வினாடியில் சக்கரமும் ஃபிளாப்பும் நீட்டிக்கொண்டு மெதுவாகப் பறக்கிற 60 டன் விமானத்தை வெட்டித் திருப்ப முடியாது. திருப்பவும் கூடாது, தரைக்கு அருகில் அது ட்ரோனைவிடப் பெரிய ஆபத்து.

பைலட்டுகளிடம் பேசினால் அவர்களுடைய கோபம் மோதலைவிட இந்தக் கையாலாகாத்தனத்தின் மேல்தான் அதிகம். "பறவை எங்களைப் பார்த்து விலகும், பெரும்பாலும் கீழ்நோக்கிப் பாயும், அதை எதிர்பார்க்கலாம். இது விலகவும் விலகாது" என்றார் ஒருவர். ஹெலிகாப்டர் ஓட்டுபவர்களுக்கு இன்னும் அதிகம், ஏனென்றால் அவர்கள் வேலையே ட்ரோன் பறக்கிற உயரத்தில்தான். பிரிட்டனின் பைலட் சங்கமான பால்பா அரசோடு சேர்ந்து செய்து 2017இல் வெளியான சோதனையில் 400 கிராம் வகை ட்ரோனே ஹெலிகாப்டர் முன்கண்ணாடியை மோசமாக உடைக்கும் என்று தெரிந்தது.

"டவர்ல ரேடார் இருக்கே, அதுல தெரிஞ்சிடாதா?"

தெரியாது. நிறையப் பேர் அதிர்ச்சியாகிற பதில் இது. கன்ட்ரோலர் திரையில் விமானத்தின் பெயர், உயரம், வேகம் எல்லாம் அழகாக வருவதற்குக் காரணம் விமானத்தில் இருக்கும் டிரான்ஸ்பாண்டர், அதாவது கேட்டால் பதில் சொல்லும் கருவி. சாதாரண ட்ரோனில் அது கிடையாது (முதல் பதிலில் சொன்ன "பதில் சொல்லாத ஆள்" நினைவிருக்கிறதா?). எதிரொலியை மட்டும் வைத்துப் பார்க்கும் ரேடாருக்கு, கொஞ்சம் பிளாஸ்டிக்கும் கொஞ்சம் பேட்டரியும் ஒரு காக்கா அளவுதான். காக்கா எல்லாம் திரையில் வந்தால் வேலை செய்ய முடியாது என்று அந்த அளவு எதிரொலிகளை வடிகட்டித்தான் வைத்திருப்பார்கள்.

ட்ரோனைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவிகள் உண்டு, ரேடியோ அலையை முகர்கிறவை, கேமரா வைத்தவை, சின்ன ரேடார்கள். விலை அதிகம், எல்லா ஏர்போர்ட்டிலும் இருக்காது. இல்லாத இடத்தில் கருவி என்பது டவரில் இருப்பவரின் பைனாகுலரும், வாசல் டூட்டி சிஐஎஸ்எஃப் ஜவானின் கண்ணும்தான். ட்ரோனே தன் அடையாளத்தை ஒலிபரப்ப வேண்டும் என்று அமெரிக்காவில் 2023 செப்டம்பர் முதல் ரிமோட் ஐடி விதி வைத்திருக்கிறார்கள். டவர்காரர்கள் இங்கே ஏங்குவது அதற்குத்தான், ஆனால் கெட்ட எண்ணத்தோடு வருகிறவன் அதை அணைத்துவிட்டுத்தான் வருவான் என்பதையும் அவர்களே சொல்கிறார்கள்.

"சரி, எவ்வளவு தூரம் தள்ளி விடலாம்? நேரா சொல்லுங்க"

2021 ஆகஸ்ட் 25இல் வந்த ட்ரோன் விதிகள்படி ஏர்போர்ட் சுற்றுச்சுவரிலிருந்து 8 கி.மீ.க்குள் தரையிலிருந்தே கட்டுப்பாடு, அனுமதி இல்லாமல் ஓர் அடிகூடத் தூக்கக் கூடாது. 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடி உயரம் வரை விடலாம். அதற்கு வெளியே, அனுமதி கேட்க வேண்டாத பச்சை மண்டலம் என்றால் 400 அடி. சிவப்பு மண்டலம் என்றால் மத்திய அரசு அனுமதி வேண்டும், அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் வரைபடம் இருக்கிறது, பறக்கவிடும் அன்றே பார்க்க வேண்டும், போன வருடம் பார்த்தேன் என்பது செல்லாது, வரைபடம் மாறும். சென்னைக்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: மீனம்பாக்கம் மட்டும் ஏர்போர்ட் இல்லை, தாம்பரத்தில் விமானப்படை இருக்கிறது. இரண்டு வட்டத்தையும் போட்டுப் பார்த்தால் தென்சென்னையில் பெரும்பாலான கல்யாண மண்டபம் உள்ளேதான் வரும்.

ஏர்போர்ட்டைச் சுற்றிய இந்தக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு மஞ்சள் மண்டலம் என்று பெயர். முன்பு அந்த வட்டம் 45 கி.மீ. இருந்தது, 2021இல்தான் 12 ஆகக் குறைத்தார்கள். அபராதத்தின் உச்சவரம்பு 1 லட்சம் ரூபாய். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இதை "தாராளம் காட்டிவிட்டார்கள்" என்பார்கள். நான் அந்தப் பாதியில் இல்லை. 45 கி.மீ. வட்டத்தை யாரும் மதிக்கவே இல்லை, மதிக்கக்கூடிய அளவில் ஒரு கோடு இருப்பது நல்லது.

"எங்க ஏரியா மேல விமானம் ஆயிரத்து நானூறு அடியில போகுது. நான் 300 அடியிலதான் விடுறேன். எங்க மோதும்?"

நல்ல கேள்வி, கேட்டவர் ஒரு இன்ஜினீயரிங் மாணவர். விமானம் 3 டிகிரி சரிவில் இறங்கும், அதாவது ஒரு கடல் மைலுக்கு ஏறத்தாழ 320 அடி. ரன்வே நுனியிலிருந்து 8 கி.மீ. தள்ளி அது 1,400 அடி சுமாரில் இருக்கும், 2 கி.மீ. தள்ளி 400 அடி கூட இருக்காது. பம்மல், பொழிச்சலூர் பக்கம் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை, சக்கரத்தில் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்பதையே அவர்கள் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

8 கி.மீ.யில் உன் 300 அடி நேர்கோட்டுக் கணக்கில் பாதுகாப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கணக்கு எல்லாரும் திட்டப்படி பறக்கும்போது மட்டும். இன்ஜின் ஒன்று போன விமானம் மெதுவாக, தாழ்வாகத்தான் ஏறும். ஆம்புலன்ஸ், போலீஸ் ஹெலிகாப்டர்கள் அந்தச் சரிவிலேயே வராது. அப்புறம் உன் ட்ரோன். பல மாடல்களில் செட்டிங்கை மாற்றினால் 500 மீட்டர், அதாவது 1,600 அடிக்கு மேல் போகும். சிக்னல் அறுந்தால் வீட்டுக்குத் திரும்பும் உயரத்துக்குத் தானே ஏறும், அந்த உயரத்தை எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று நினைவிருக்கிறதா? அக்கா மகனிடம் கேட்டேன், அவனுக்கு நினைவில்லை.

"ட்ரோன்லயே ஏர்போர்ட் பக்கம் போக விடாம லாக் இருக்குமே?"

சில கம்பெனிகள் வைத்திருந்தன. டிஜேஐ 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அந்தத் தடையை எடுத்துவிட்டு வெறும் எச்சரிக்கையாக மாற்றிவிட்டது, பொறுப்பு ஓட்டுபவருடையது என்று சொல்லி. நம் விதிகளில் அனுமதி இல்லையேல் கிளம்பாத பூட்டு பற்றி இருக்கிறது, ஆனால் பின்னால் அறிவிக்கலாம் என்ற அளவில். வீட்டிலேயே பாகங்களைக் கோர்த்துச் செய்த ட்ரோனில் எந்தப் பூட்டும் கிடையாது. பூட்டை நம்பாதே, வரைபடத்தைப் பார்.

"ஒரே ஒரு ட்ரோனுக்காக மொத்த ஏர்போர்ட்டையும் மூடுறது ஓவரா இல்லையா?"

இதில்தான் எங்களுக்குள்ளேயே சண்டை வரும். எல்லாருடைய மனதிலும் இருப்பது லண்டன் கேட்விக். 2018 டிசம்பர் 19 இரவு ஒன்பது மணிக்கு மேல் ட்ரோன் தெரிகிறது என்று ரன்வேயை மூடினார்கள், நடுவில் கொஞ்ச நேரம் திறந்து மறுபடி மூடி, 21ஆம் தேதி காலையில்தான் உருப்படியாக ஓட ஆரம்பித்தது. சுமார் 1,000 விமானங்கள், 1,40,000 பயணிகள், கிறிஸ்துமஸ் வாரம். ஆளைக் கடைசிவரை பிடிக்கவில்லை. தவறாகக் கைது செய்யப்பட்ட தம்பதிக்குப் போலீஸ் நஷ்டஈடும் வழக்குச் செலவுமாகச் சேர்த்து 2 லட்சம் பவுண்ட் கொடுத்தது. ட்ரோனே இல்லாமல் இருந்திருக்கலாம் என்றுகூட நடுவில் ஓர் அதிகாரி வாய்விட்டார்.

கவுன்டரிலும் கேட்டிலும் நிற்கும் பிள்ளைகளைக் கேட்டால் "மூடினது சரி, ஆனா ஏன்னு எங்களுக்கு யாரும் சொல்லலை, திட்டு மட்டும் எங்களுக்கு" என்பார்கள். ஷெட்யூல் பார்ப்பவர்கள், "ட்ரோன் பாதி ரன்வே தூரம் தள்ளித்தானே இருந்தது, ஓட்டியிருக்கலாம்" என்பார்கள். கன்ட்ரோலர்கள் ஒரே குரலில் மூடத்தான் வேண்டும் என்பார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் படுகிறது, காரணம் எளிது: இறங்கச் சொல்லி உத்தரவு கொடுத்தவரின் குரல் டேப்பில் இருக்கும். நம் நாட்டிலும் 2023 நவம்பரில் இம்பாலில் அடையாளம் தெரியாத ஒன்று பறக்கிறது என்று ஏறக்குறைய மூன்று மணி நேரம் மூடினார்கள். 2025 செப்டம்பர் 22இல் கோபன்ஹேகன் நான்கு மணி நேரம், அடுத்த மாதமே மியூனிக். இனி இது அடிக்கடி வரும் என்று எங்கள் ஆட்கள் முடிவுக்கே வந்துவிட்டார்கள், தூக்குப் பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் கூடுதலாக வைத்துக்கொள்கிறார்கள்.

"சுட்டுத் தள்ள வேண்டியதுதானே? இல்லன்னா ஜாமர்?"

சுட்ட குண்டு எங்கே போய் விழும்? சுற்றிலும் எரிபொருள் ஏற்றிய விமானங்கள், அதைச் சுற்றி வீடுகள். ஜாமர் என்றால் அது ட்ரோனுக்கு மட்டும் எழுதி வைத்த அலை இல்லை, ஜிபிஎஸ்ஸை மறைத்தால் அதே ஜிபிஎஸ்ஸை நம்பி வருகிற விமானத்துக்கும் மறையும். அதனால் பராமரிப்பில் இருக்கும் எங்களுக்கு ஜாமர் என்ற பேச்சே வயிற்றைக் கலக்கும், மறுநாள் பைலட் லாக் புத்தகத்தில் "ஜிபிஎஸ் சிக்னல் இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் விடிய விடிய ஆன்டெனாவைக் கழற்றுவது நாங்கள்தான்.

2021 ஜூன் 27இல் ஜம்மு விமானப்படை நிலையத்தில் ட்ரோனில் குண்டு வைத்துத் தாக்கினார்கள், பயணிகள் விமானமும் அதே ரன்வேயில்தான் இறங்குகிறது. அதற்குப் பிறகு பாதுகாப்புக்காரர்களின் பார்வையே மாறிவிட்டது. நாங்கள் "மோதிவிடுமோ" என்று பார்ப்பதை அவர்கள் "எதைத் தூக்கி வருகிறது" என்று பார்க்கிறார்கள். கல்யாண ட்ரோனைப் பிடித்தவுடன் ஸ்டேஷனில் ஏன் அவ்வளவு கடுமையாகப் பேசுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

"ஆனா நீங்களே உள்ள ட்ரோன் யூஸ் பண்றீங்களாமே? அது மட்டும் சரியா?"

சரிதான், ஏனென்றால் சொல்லிவிட்டுப் பறக்கிறது. இடி தாக்கிய விமானம் என்று ஒன்று வந்தால் உள்ளே போன புள்ளியையும் வெளியே வந்த புள்ளியையும் தேட வேண்டும், சில சமயம் குண்டூசித் தலை அளவுதான் இருக்கும். வால் உச்சி நாலு மாடி உயரம். செர்ரி பிக்கர் கூடையில் ஏறி, இடுப்பில் பெல்ட் மாட்டி, மே மாத வெயிலில் தகடு கொதிக்கத் தேடியவன் நான். ட்ரோன் படம் எடுத்து வந்தால் எனக்கு என்ன வருத்தம்? கொரியன் ஏர் 2021இல் நான்கு ட்ரோன்களை ஒன்றாகப் பறக்கவிட்டுக் காட்டியது, 10 மணி நேரப் பார்வை 4 மணி நேரமாகக் குறையும் என்று சொன்னார்கள்.

ஹேங்கருக்கு வெளியிலும் வேலை இருக்கிறது. ரன்வே ஓரத்தில் சிவப்பும் வெள்ளையுமாகச் சரிவு காட்டும் பாப்பி லைட் சரியான கோணத்தில் இருக்கிறதா என்று பார்க்கத் தனி விமானம் வர வேண்டும். வெளிநாடுகளில் அதை ட்ரோன் செய்கிறது. கனடாவின் எட்மன்டனில் 2017இல் வல்லூறு மாதிரியே சிறகடிக்கும் ட்ரோனை வைத்துப் பறவை விரட்டினார்கள். எங்கள் பறவை விரட்டும் அண்ணன் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊரு காக்கா ரெண்டாம் நாளே கண்டுபிடிச்சிடும்" என்றார். முப்பது வருடம் வேட்டு போட்டவர், அவர் சொன்னால் சரியாக இருக்கும்.

"அப்போ உங்க வேலை போயிடாதா?"

இளசுகள் பயப்படுகிறார்கள், பெரிசுகள் பயப்படவில்லை, வழக்கத்துக்கு மாறாக. காரணம் கையெழுத்து. ட்ரோன் ஆயிரம் படம் எடுக்கலாம், விமானம் பறக்கத் தகுதி என்று லைசென்ஸ் உள்ள இன்ஜினீயர்தான் கையெழுத்துப் போட வேண்டும், தப்பானால் அவர்தான் உள்ளே போவார். கூடையைத் தள்ளிக்கொண்டு போகிறவர், ஏணி பிடிப்பவர், லைட் அடிப்பவர் இவர்களுடைய மணி நேரம்தான் குறையும், அவர்களில் பலர் ஒப்பந்த ஊழியர்கள். கம்பெனிகள் இதைப் பற்றிப் பேசும்போது "பாதுகாப்பு" என்று பேசும், ஆட்குறைப்பைப் பேசாது. அந்தப் பேச்சை நான் அப்படியே வாங்கிக்கொள்வதில்லை.

இன்னொன்று, கண்ணால் பார்ப்பது மட்டும் பரிசோதனை இல்லை. அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த காம்போசிட் தகடு உள்ளே பிரிந்திருந்தால் வெளியே பளபளவென்று இருக்கும், காசை வைத்துத் தட்டினால் சத்தம் மாறும். ட்ரோன் இன்னும் தட்டிக் கேட்கக் கற்றுக்கொள்ளவில்லை.

"பைலட்டே இல்லாத பயணிகள் விமானம் வருமா? பைலட்டுங்க என்ன சொல்றாங்க?"

சீனாவில் ஈஹாங் என்ற இரண்டு பேர் உட்காரும் ஆளில்லா வாகனத்துக்கு 2023 அக்டோபரில், வடிவமைப்பு பாதுகாப்பானது என்று சொல்லும் வகைச் சான்றிதழே கொடுத்துவிட்டார்கள், ஆக சின்ன அளவில் வந்தாயிற்று. பெரிய விமானத்தில் பேச்சு முதலில் இரண்டு பைலட்டை ஒன்றாக்குவது பற்றி. உலக பைலட் சங்கங்கள் இதைக் கடுமையாக எதிர்க்கின்றன. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு 2025இல் வெளியிட்ட ஆய்வும், இப்போதைய காக்பிட்டில் ஒருவரை வைத்து இருவர் இருக்கும் அளவு பாதுகாப்பைக் காட்ட முடியாது என்றே சொன்னது. வேலைக்காக எதிர்க்கிறார்கள் என்று சொல்பவர்களுக்கு, ஆமாம், அதுவும் உண்டு. அதனால் அவர்கள் சொல்லும் மற்ற காரணம் பொய்யாகிவிடாது.

"குரோம்பேட்டை எம்ஐடி ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துலதானே இருக்கு? அங்க ட்ரோன் பண்றவங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

தனிச் சட்டம் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் அந்த வளாகத்தில்தான் தமிழ்நாடு ஆளில்லா வான்வழி வாகனக் கழகமே இருக்கிறது, நம் ஊர் ட்ரோன் படிப்புக்கு அதுதான் தாய்வீடு. 8 கி.மீ. வட்டத்துக்குள் இருப்பதால் பேராசிரியராக இருந்தாலும் அனுமதி வாங்கித்தான் தூக்க வேண்டும். அனுமதி கேட்டுப் பழகிய இடத்தோடு டவருக்குச் சண்டை வராது, கேட்காத மண்டபத்தோடுதான் வரும்.

"ஊருக்குப் போறப்ப ட்ரோன் பேட்டரியை எந்தப் பையில வைக்கிறது?"

கைப்பையில். உதிரி பேட்டரியை செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. 100 வாட்ஹவர் வரை சாதாரணமாக விடுவார்கள், 100 முதல் 160 வரை ஏர்லைனைக் கேட்டு இரண்டு மட்டும், முனைகளில் டேப் ஒட்டி. உப்பிய பேட்டரியை எடுத்து வராதீர்கள், கேபின் க்ரூ பெண்களுக்கு ட்ரோன் பற்றி ஒரே ஒரு கருத்துதான், அது இந்தப் பேட்டரி பற்றியது, அதை இங்கே எழுத முடியாது.

"கன்ட்ரோல் போய் ட்ரோன் ஏர்போர்ட் பக்கம் போயிடுச்சுன்னா? வாயை மூடிக்கிட்டு இருக்கிறதுதானே புத்திசாலித்தனம்?"

இதைக் கேட்டது யார் என்று சொல்லத் தேவையில்லை. போன வைகாசியில் ஒரு மண்டபத்து மொட்டைமாடியிலிருந்து அவனே போன் பண்ணினான், குரல் நடுங்குகிறது. காற்றில் இழுத்துக்கொண்டு போய்விட்டது, திரை கறுப்பாகிவிட்டது, ரன்வே திசை என்றான். அந்த மண்டபம் 8 கி.மீ. வட்டத்துக்குள். மேலே எழுதியதை எல்லாம் அவனுக்கு நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். திட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே 112க்குப் போடு, எங்கிருந்து கிளம்பியது, எத்தனை மணிக்கு, என்ன நிறம், பேட்டரி இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும், எல்லாவற்றையும் சொல் என்றேன். நான் எங்கள் பக்கம் சொல்ல வேண்டியவர்களிடம் சொன்னேன். விபத்து என்றால் 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கை வழியாக விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவுக்கும் தெரிவிக்க வேண்டும், அது தனி.

டவருக்குத் தேவைப்பட்டது அந்தப் பேட்டரி நிமிடம்தான். பதினோரு நிமிடம் என்று தெரிந்தால் வருகிற இரண்டு விமானங்களைச் சுற்றவிட்டு, ஜீப்பை ஒரு தடவை ரன்வேயில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திறந்துவிடலாம். தெரியாவிட்டால்தான் கேட்விக். அவன் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு இரவு பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தான், அக்கா என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. ட்ரோன் மறுநாள் காலை மண்டபத்துக்கு மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் கிடந்தது, ஏர்போர்ட்டுக்கு நேர் எதிர்த் திசையில்.